கேட்காமல் நிரப்பிய படிவம்

மார்ச் 3, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம். ‘இளம் பணியாளர் தம் வேலையில் எதிர்பார்ப்பது என்ன? நேரில் கேட்டு எழுதவும்.’ எங்கள் பிரிவில் இளம் என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு உருப்படி, ‘ஆறு மணி’. இருபத்து மூன்று வயதுப் பெண். மணி ஆறடித்தால் பை தோளில் இருக்கும். பெயர் வைத்தது அடியேன். மற்ற எல்லாரும் என்னைப் போலத் தலைக்குச் சாயம் அடிக்கிற கோஷ்டி.

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து போனில் அலறுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நாங்கள் பேச்சுக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கொடுக்கிறேன். ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிற கம்பெனியில் நான் மட்டும் அதே மாடி.

மார்ச் 5, புதன்

கேட்கத்தான் போனேன். அவள் போனில் இருந்தாள். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே ஒரு அம்மாள். “அவசரமில்லம்மா. நான் இருக்கேன், எங்கயும் போகல. உங்க பையில என்னென்ன இருக்கு, ஒண்ணொண்ணா சொல்லுங்க.” கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்! நான் இத்தனை வருஷத்தில் ‘பதறாதீங்க’ என்று பதறியிருக்கிறேனே தவிர, ஒருத்தரையும் சிரிக்க வைத்ததில்லை.

காத்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. திரும்பி வந்து நானே நிரப்பிவிட்டேன். சின்னதுகளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பதவி உயர்வு, பொறுப்பு, சவால், இந்தப் பிரிவையே வழிநடத்தும் கனவு. எழுத எழுதக் கை நிற்கவில்லை. தனித்தாள் வேறு இணைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

முழங்கால். வேறு விசேஷமில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பதால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். இன்று பார்த்தே விட்டார். “இந்தக் காலத்துல இவ்வளவு ஆர்வமா ஒரு பொண்ணாய்யா? ஹெட் ஆபீஸ்ல படிச்சு அசந்துட்டாங்க. சூப்பர்வைசர் போஸ்ட் அவளுக்குத்தான்.”

ஜனவரியிலிருந்து காலியாக இருக்கும் நாற்காலி. எனக்கு வரும் என்று சட்டைகூட ரெண்டு தைத்து வைத்திருந்தேன். என் பேனாவாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழுவது? சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரிப்பேன்.

மார்ச் 17, திங்கள்

பதவிக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

“சார், நான் சவால் கேட்டேனா?”

“அது வந்தும்மா... பொதுவா எல்லாரும்...”

“வாரத்துக்கு வாரம் மாறற ஷிஃப்ட் கேட்டேனா? இருபத்துநாலு மணி நேரமும் போனைக் கையில வச்சுக்கிட்டு அலையணும்னு கேட்டேனா?”

“சம்பளம் கூடுமேம்மா.”

“என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார். எனக்கு இந்த சீட் பிடிச்சிருக்கு. மாட்டிக்கிட்டவங்களோட பேசறது பிடிச்சிருக்கு. அடுத்த மாச ஷிஃப்ட் இந்த மாசமே தெரியணும். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “அப்படி ஆறு மணிக்கு மேல என்னம்மா பண்றே?”

“ஒண்ணும் பண்றதில்ல சார். அதுக்குத்தான் போறேன்.”

ஏற்காவிட்டால் வேறு கிளைக்கு மாற்றுவார்களாம். அதனால் வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போகிறாள். குரல் உயரவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

படிவத்தின் நகலைக் காலையில் வீட்டம்மாள் பார்த்துவிட்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தாள். “ஏங்க, இது அந்தப் பொண்ணு சொன்னதா? கல்யாணமான புதுசுல நீங்க என்கிட்ட சொன்னதாச்சே. ஒரு வார்த்தை மாறல.”

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில்தான் தெரிந்தது.

மார்ச் 19, புதன்

சொல்லிவிடுவது என்று ‘ஆகட்டும்’ அறைக்குப் போனேன். “என்ன?” என்றார். “ஃபேன் சத்தம் போடுது சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீரன்!

மார்ச் 21, வெள்ளி

அவள் பையில் ஒரு வெள்ளை உறை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

“சார், அந்தப் படிவம் முழுக்க நான் எழுதினது. அவளை ஒரு வார்த்தை கேக்கல.”

‘ஆகட்டும்’ தாளை எடுத்து மெதுவாக மறுபடி படித்தார். “அப்ப இதெல்லாம் யாரோட ஆசைய்யா?”

அவர் தலைக்கு மேலே ஃபேன் நிஜமாகவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் பதவிக் கடிதம் ரத்து. அதே சீட், அதே ஆறு மணி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். “இனிமே அந்த நாற்காலிப் பேச்சுல உங்க பேரை எடுக்க முடியாது.” வருத்தப்பட்டுத்தான் சொன்னார். உறையை அவள் நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். என்னைத் தாண்டி நேரே தன் சீட்டுக்குப் போனாள். நன்றியை எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை?

ஏப்ரல் 1, செவ்வாய்

புது சூப்பர்வைசர் வெளியிலிருந்து வந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். தைத்த சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டிருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மறுபடி படிவம். ‘மூத்த பணியாளர் எதிர்பார்ப்பது என்ன?’ இந்த முறை இளையவர் கேட்டு எழுத வேண்டுமாம். ‘ஆறு மணி’ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“நீயே ஏதாவது போட்டுக்கோம்மா.”

“நான் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன வேணும்?”

“நல்ல முழங்கால் ரெண்டு.”

எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை. “அடுத்தது?”

அடுத்த ஜோக் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான்.

“அவசரமில்ல சார்,” என்றாள். “நான் இருக்கேன்.”

லிஃப்டில் மாட்டிய அந்த அம்மாளிடம் பேசிய குரல் என்று தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தினால் சுவரில் கடிகாரம். ஆறு அடித்து நாலு நிமிஷம். பை இன்னும் அவள் காலடியில்தான் கிடந்தது.