எந்த பெல்ட், மச்சான்?

என் வீட்டில் என்னைவிட அதிகம் பேசப்படும் அன்பு மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. உங்கள் பழைய கார் இப்போது ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. உங்கள் மகன் ஜொகூரிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தபோது, "அத்தே, இந்தக் காடி எனக்கு வேணாம், நீங்க வச்சுக்குங்க" என்று சாவியை உங்கள் தங்கை சரோஜா கையில் கொடுத்தான். அவள் புருஷன் நான் பக்கத்தில்தான் நின்றேன். சரோஜாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சாவி அவள் கைக்குத்தான் போனது.

முதல் நாள் ஓட்ட உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. நீங்கள் நெட்டை. சீட்டை முன்னால் இழுத்தேன். சீட் நகர்வதைச் சரோஜா பார்த்த பார்வையில், நான் ஏதோ உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியது போல எனக்கு ஆகிவிட்டது.

உங்கள் ஊர் கோப்பெங் பக்கம் போனால் இன்னும் மோசம். காரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆட்கள் கையைத் தூக்குகிறார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர், கோயில் வாசலில் நிற்பவர், மோட்டார் சைக்கிளில் எதிரே வருகிறவர். கார் கிட்டே வந்ததும், உள்ளே இருப்பது நீங்கள் இல்லை என்று தெரிந்து, தூக்கிய கையை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். சிலர் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொள்கிறார்கள். செத்துப்போனவரிடம் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும் மச்சான். ஆனால் அந்தக் கைகள் இறங்கும்போது நீங்களும் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்க வந்தது ஒரு பெல்ட்டைப் பற்றி.

உங்கள் முதல் வருஷத் திதிக்குப் பாகான் டத்தோ கடலுக்குப் போக வேண்டும், அஸ்தி கரைத்த இடத்திலேயே கும்பிட வேண்டும் என்று சரோஜா சொன்னாள். அதுவும் உங்கள் காரில்தான் போக வேண்டுமாம். உங்கள் கார் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். வேலைக் காலம் முழுவதும் நில வரைபடம் வரைந்தவன். கோடு ஒரு மயிரிழை தள்ளினால் ஒருவர் நிலம் இன்னொருவருக்குப் போய்விடுமே என்ற பயத்திலேயே தலை நரைத்தவன். காரோடு வந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

டைமிங் பெல்ட் என்று ஒன்று எஞ்சினின் பக்கவாட்டில், ஒரு மூடிக்குள்ளே ஓடுகிறது. எஞ்சினின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே தாளத்தில் சுற்றுவது அதனால்தான். அது அறுந்தால் உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே நாசமாகிவிடும். அறுவதற்கு முன்பு பெரும்பாலும் எந்தச் சத்தமும் கொடுக்காது. ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். என்ன இருந்தாலும் ரப்பர்தானே. ரப்பர் எத்தனை காலம் தாங்கும் என்று, பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரோஜாவிடம் சொன்னேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அதெல்லாம் அண்ணன் மாத்தியாச்சு. தீபாவளிக்கு வந்தப்ப சொன்னிச்சுல்ல, நீங்களுந்தான் முறுக்கு தின்னுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"பெல்ட் மாத்தியாச்சுன்னுதான் சொன்னாரு சரோ. எந்த பெல்ட்டுன்னு சொல்லலியே."

"எந்த பெல்ட்டா? காடியப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கப்ப இடுப்பு பெல்ட்டையா சொல்லும்?"

"காடியில ரெண்டு மூணு பெல்ட் இருக்கு. வெளிய தெரியுற பெல்ட்டு ஒண்ணு, உள்ள..."

"எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான். உங்களுக்கு அண்ணன்மேல எப்பவுமே ஒரு இது."

அந்த 'இது' என்னவென்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மாத்தியாச்சு. நம் பேச்சில் இது ஒரு வசதியான சொல். யார் மாற்றியது, எதை, எப்போது, எங்கே, எதையும் சொல்லாமல் வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடலாம். கேட்பவருக்கு அதற்குமேல் கேட்க இடம் இருக்காது. உங்கள் பேச்சே அப்படித்தான். கட்டியாச்சு, சொல்லியாச்சு, பாத்தாச்சு. எனக்கு அது வராது. நான் வாயைத் திறந்தால் "செவ்வாய்க்கிழமை போனேன், கடை பூட்டியிருந்தது, புதன்கிழமை மறுபடியும் போனேன்" என்று ஆரம்பிப்பேன். கேட்பவர் அதற்குள் கொட்டாவி விட்டிருப்பார்.

என் மகள் கல்யாணம் உங்களுக்கு நினைவிருக்கும். கூடாரமும் நாற்காலியும் உங்கள் கடையிலிருந்து வந்தவை. வாடகைக்குக் கொடுப்பதுதான் உங்கள் தொழில், ஆனால் அன்றைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். சாப்பாடு போடலாமா என்று கேட்க வந்த சமையற்காரர், பெண்ணைப் பெற்ற என்னைத் தாண்டிப்போய் உங்களிடம் கேட்டார். நீங்கள் உடனே என் பக்கம் திரும்பி, "என்ன மாப்ளே, ஆரம்பிச்சிரலாமா?" என்றீர்கள். நீங்கள் அப்படிக் கேட்காமல் நேராக உத்தரவு கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. உங்களைக் குறை சொல்லவும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

அதனால்தான் பெல்ட் விஷயத்தில் எனக்கு என்மேலேயே நம்பிக்கை வரவில்லை. மாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே கையேடு சொல்கிறதா, அல்லது உங்கள் வார்த்தையை ஒரு முறையாவது பொய்யாக்கிப் பார்க்க நான் ஆசைப்படுகிறேனா? மாற்றாமல் போய், காம்பாரைத் தாண்டி எங்காவது செம்பனைக் காட்டுக்கு நடுவில் நின்றுவிட்டால்? மாற்றிவிட்டு, கழற்றிய பெல்ட் புத்தம் புதிதாக இருந்தால்? சரோஜா அதை என் கண்முன்னால் மாட்டியே வைத்துவிடுவாளே!

கடைசியில் கோப்பெங்கில் உங்கள் குணாவின் பட்டறைக்கே போனோம். கார் பழுது பார்க்கும் வேறு போமன் யாரும் உங்கள் காரைத் தொடக் கூடாது என்பது சரோஜாவின் கட்டளை. குணா உங்களுக்குத் தெரிந்தவன்தான், நாற்பதைத் தாண்டிய ஆள், வாய் ஓயாத ஆள். உங்களை அண்ணே என்பான். சரோஜாவை அக்கா என்பான். அந்தக் கணக்கில் என்னை மாமா என்றோ மச்சான் என்றோ கூப்பிடலாம். என்னைக் கண்டால் மட்டும் சார்.

"டைமிங் பெல்ட்டா? எங்கிட்ட மாத்தல சார். அண்ணே எங்கிட்ட எண்ணெ மாத்துவாரு, பிரேக் பாப்பாரு, கோப்பி குடிப்பாரு. வெளிய எங்கயாச்சும் மாத்தியிருக்கலாம். அவருக்குத்தான் பேராக் முழுக்க கூட்டாளிங்க லா."

"நீ என்ன சொல்றே? மாத்துறதா வேணாமா?"

"காடி விலைக்கு இந்த வேலை கொஞ்சம் ஜாஸ்திதான். மாத்தாமயும் ஓடும். ஓடுற வரைக்கும் ஓடும், அறுந்துச்சுன்னா எஞ்சின் ஹாபிஸ், முடிஞ்சிச்சு. சந்தேகமா இருந்தா மூடியத் தொறந்து பாத்துருவோம்."

"தொறக்க வேணாம்" என்றாள் சரோஜா.

"ஏங்கக்கா?"

"தொறந்து பாத்தா எங்கண்ணன் பொய் சொல்லிச்சுன்னு நெனச்சுப் பாக்குறதாத்தானே அர்த்தம்?"

குணா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அன்றுதான் முதல்முறையாக ஒருவர் முடிவுக்காக என் முகத்தைப் பார்த்தார், அதுவும் உங்கள் கார் விஷயத்தில். "தொற" என்றேன். இருமல் போல வந்தது. சரோஜா எழுந்துபோய், பட்டறை ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குணா ஒவ்வொரு திருகாகக் கழற்றும்போது நான் வேண்டிக்கொண்டேன் மச்சான். பெல்ட் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று. எங்கள் குலசாமியிடம் இப்படி ஒரு வேண்டுதலை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

மூடி வந்தது. குணா டார்ச்சை அடித்தான்.

"அலாமாக்! சார், அண்ணே இத வச்சா ஓட்டினாரு?"

பல்லுக்குப் பல் விரிசல். ஓரமெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. குணா அதை விரலால் வளைத்தபோது விரிசல்கள் வாய் திறந்தன. வெளியே பார்த்தால் தெரியும் இன்னொரு பெல்ட் மட்டும் கருகருவென்று புதிதாக இருந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒரு பெல்ட்டை மாற்றித்தான் இருக்கிறீர்கள்.

எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ஜெயித்துவிட்டேன். "சரோ, இங்க வா, வந்து பாரு" என்று கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது.

வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு விரலை நீட்டி விரிசல்மேல் தடவினாள். விரலில் கறுப்புத் தூள் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காரைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப டாக்டரையும் இப்பிடித்தான் பாத்தியாண்ணே?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. கடைசி மாதங்களில் எங்கள் வீட்டுப் படி ஏறுவதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கும். டாக்டரைப் பாருண்ணே என்று அவள் தினமும் போனில் நச்சரிப்பாள். "பாத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்பீர்கள். தூக்கத்தில் இதயம் நின்று நீங்கள் போனபோது, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அழாமல் இருந்தாள். டாக்டரைப் பார்த்தும் போயிருச்சே, அப்புறம் என்ன செய்ய முடியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு வருஷமாகச் சொன்னாள்.

எந்த டாக்டர், மச்சான்? கண்ணுக்குப் பார்க்கும் டாக்டரா? பல்லுக்கா?

அன்று அந்தப் பட்டறையில் அவள் உங்களைத் திட்டினாள். "வாயத் தொறந்தா பாத்தாச்சு, மாத்தியாச்சு! யார ஏமாத்துன நீ? இந்தக் காடியில என்னையும் ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினியே, படுபாவி! ஒரு வார்த்த உண்மையச் சொன்னா என்னா உனக்கு?" என்று காரின் முன்பக்கத்தைக் கையால் அறைந்து அறைந்து திட்டினாள். குணா ரேடியோவை நிறுத்தினான். உங்கள் சாவு வீட்டில் வராத அழுகை அங்கே வந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இன்றுவரை அவள் என்னை ஒரு நாளும் அப்படித் திட்டியதில்லை என்று நினைத்தேன். என்னிடம் கோபம் வந்தால் "சரி விடுங்க" என்பாள். அவ்வளவுதான். பெல்ட் விஷயத்தில் நான் சொன்னது சரியாகப் போனது, ஆனால் அவள் நெஞ்சிலிருந்து வந்ததெல்லாம் உங்களுக்கே போனது. அந்தத் திட்டுக்கும் பொறாமைப்பட்டுக்கொண்டு, எண்ணெய்க் கறை படிந்த தரையில் கையைப் பிசைந்தபடி நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "மாத்துங்க குணா. அதோட சேத்து மாத்த வேண்டியது என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் மாத்துங்க. ஒண்ணையும் விடாதீங்க."

வேலை முடியும்வரை பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கோப்பி ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏங்க கேக்கல?"

"எதை?"

"பூட்டின கதவையே ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீங்க. அண்ணன் பாத்தாச்சுன்னு சொன்னப்ப, எந்த டாக்டர், எந்த கிளினிக்குன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா அது மாட்டியிருக்கும்ல?"

"கேட்டா, அவர்மேல எனக்கு ஒரு இதுன்னு சொல்லுவியேன்னு..."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள். பிறகு, "எல்லாரும் அதுகிட்ட சிரிச்சுப் பேசத்தான் வந்தாங்க. சண்ட போட ஒரு ஆளு இல்லாமப் போச்சு. நீங்களாச்சும் போட்டிருக்கலாம்."

இத்தனை வருஷத்தில் உங்களுக்கு இல்லாத ஓர் இடத்தை அவள் எனக்குக் கொடுத்தது அன்றுதான். கொடுக்கும்போது சண்டை போட நீங்கள் இல்லை.

கார் நன்றாக ஓடியது. பாகான் டத்தோ வரைக்கும், திரும்பி ஈப்போ வரைக்கும், ஒரு சின்ன முனகல் இல்லை. நான் எண்பதுக்கு மேல் போகவில்லை. கடற்கரையில் பிண்டம் கரைத்துக் கும்பிட்ட பிறகு, "அண்ணன்கிட்ட ஏதாச்சும் பேசுங்க" என்று என்னை முன்னால் தள்ளினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. "நல்லா இருங்க மச்சான்" என்று முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். செத்தவரிடம் போய் நல்லா இருங்கள் என்றால் என்ன அர்த்தம்? அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்குத் தைரியம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நான் அங்கே வரும் நாளில் நீங்கள் கையை நீட்டிக்கொண்டு, "வாங்க மாப்ளே" என்று சிரிப்பீர்கள். உங்களைச் சுற்றி அங்கேயும் ஒரு கூட்டம் இருக்கும். நான் சிரிக்க மாட்டேன். அத்தனை பேர் முன்னாலும், குரல் நடுங்கினாலும், சரோஜாவை ஏன் அழவிட்டீர்கள் என்று உங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். நீங்கள் பதில் சொல்லும்வரை விட மாட்டேன். இது சத்தியம்.

உங்களோடு போட வேண்டிய சண்டையைப் பாக்கி வைத்திருக்கும்,
உங்கள் தங்கை புருஷன்,
ராஜரத்தினம்