பூஜைப் பொரி

9.2.2004, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். வரி ஏறி இறங்குகிறது.

இன்று தேனியில் நஷ்டஈட்டு விசாரணை. ஆயுத பூஜைக்கு மில்லில் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்கச் சொன்னதே முதலாளிதான். வைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் நான்கு விரல்கள் போயின.

"அன்னைக்கு மில் லீவு சார். சாமி கும்பிட வந்தவருக்கு அடிபட்டா அது வேலையில பட்ட காயமா?" என்றார் மில் வக்கீல்.

என்னோடு நின்று மெஷின் துடைத்த முருகேசனைச் சாட்சி கேட்டார்கள். "அண்ணன் பொரி வாங்கத்தான் வந்தாக" என்றான். தலை நிமிரவில்லை. நாளைக்கும் அவன் அங்கேதான் ஷிப்டுக்குப் போக வேண்டும்.

"பூஜைப் பொரி வீட்டுக்கு வந்துச்சா?" என்று விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதலாளி கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் தின்றார்கள்.

"வந்துச்சு சார்" என்றேன். அதை மட்டும் எழுதிக்கொண்டார்; யார் கொண்டுவந்தது, எப்போது வந்தது என்று கேட்கவில்லை.