பதினேழாம் எண்ணில் ஒரு மஞ்சள் கிளிப்

ஜூலை 24, வியாழன்

தீவில் எங்களுக்கு இருந்த ஒரே திடலுக்கும் வேலி போட்டாயிற்று. கூட இருந்த நான்கு பேரும் தரையிலிருந்து ரேடியோவில் ஓட்டும் சின்ன கிளைடர்களை மூட்டை கட்டிவிட்டார்கள். நல்லதுதான். மூன்று வருடமாகச் சொல்லியும், செட்டை ஆன் செய்யும் முன் பலகையைப் பார்க்க அவர்களுக்கு வரவில்லை.

அதில் அப்படி என்ன கஷ்டம்? பழைய ரேடியோ செட்டில் ஒரே அலைவரிசை எண்ணை இரண்டு பேர் ஆன் செய்தால், மேலே இருப்பது கீழே விழும். அதனால் பலகையில் எண்ணுக்கு ஒரு துணி கிளிப். கிளிப் தொங்கினால் எண் காலி. அதை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டியவன் மட்டும் ஆன் செய்யலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இனி பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட் குழுவில்தான் சேர வேண்டும். மூன்று ஞாயிறு பார்த்துவிட்டுக் கை தூக்கி முடிவு செய்வார்களாம். என்னை! தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்தே இருபது வருடம் சம்பளம் வாங்குகிறவனை. ஆனால் வேறு திடல் கிடையாது. இவர்கள் வேண்டாம் என்றால் என் பறத்தல் அதோடு முடிந்தது.

ஜூலை 27, ஞாயிறு

செம்பனைத் தோட்டத்து ஓரம் ஒரு புல்வெளி. பெரிய லோங்காங் ஒன்று, திறந்த சாக்கடைதான், நடுவில் ஓடுகிறது. பலகை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: கோணல் எழுத்தில் எண்கள், எண்ணுக்கு ஒரு ஆணி, இரண்டு மூன்று ஆணிகளில் பச்சையும் சிவப்புமாகக் கண்ட நிறத்தில் கிளிப்புகள். என் எண்ணான பதினேழில் கிளிப்பே இல்லை. யாரோ எடுத்திருக்கிறார் என்று எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை நின்றேன். ஒருவர் ஏரியலிலும் கிளிப் இல்லை. எந்த மகானோ போன வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்!

குழுவின் கணக்குவழக்கெல்லாம் பார்க்கும் நவமணி அக்கா வந்து, "ஏன் தம்பி நிக்கிறீங்க? கிளைடர விடுங்க லா" என்றார். பரவாயில்லை என்றேன். நானா போய் இவர்களிடம் விதி கேட்பது?

வீட்டில் மனைவி சுபாஷினி சிரிக்கிறாள். "மூணு மணி நேரம் வெயில்லயா நின்னீங்க? வாயில்லையா கேக்க?" அவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தூங்க முடியாமல் எழுதுகிறேன். கோபம்தான், வேறென்ன?

இன்று பதினேழில் மஞ்சள் கிளிப் தொங்கியது. மகான் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் போல. எடுத்தேன், ஏரியலில் மாட்டினேன், ஆன் செய்தேன். மேலே அழகாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை கிளைடர் மூக்கைக் குத்திக்கொண்டு லோங்காங்கில் விழுந்தது. உடனே ஆஃப் செய்தும் பிரயோசனமில்லை. இறக்கை இரண்டு துண்டு.

நாதன் என்பவருடையது. காலைப் பூசை முடிந்து நேராக வந்தவர், வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தார்.

"யாரு பதினேழு?"

"நான்தான். கிளிப் என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கா?"

"அது என் கிளிப்பு தம்பி. நான்தான் மாட்டுனேன்."

"கிளிப் என்ன உங்க வீட்டுச் சொத்தா? ரூல் தெரியலைன்னா வீட்டுல உக்காந்து காத்தாடி விடுங்க."

எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்தச் சட்டையோடே லோங்காங்கில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினார். நான் கிளம்பி வந்துவிட்டேன். இவரை நீக்க வேண்டும் என்று குழுவின் வாட்ஸ்அப்பில் விரிவாக எழுதிப் போட்டிருக்கிறேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழுவில் ஒருவரும் பதில் போடவில்லை. பதில் இருந்தால்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

மதிய இடைவேளையில் நவமணி அக்கா போன் செய்தார்.

"இங்க கிளிப்பு ஆளுக்கு ஒன்னு தம்பி, ஆளுக்கு ஒரு கலரு. நம்ம கிளிப்ப நம்ம நம்பர்ல மாட்டிட்டுத்தான் ஆன் பண்ணுவோம். தொங்குனா ஆளு விடுறாங்கன்னு அர்த்தம். ஆணி காலியா இருந்தாத்தான் நம்பரும் காலி."

எங்கள் தீவு விதிக்கு அப்படியே தலைகீழ். அன்று காலி எண்ணுக்கு மூன்று மணி நேரம் காத்து நின்றிருக்கிறேன். ஆள் இருக்கும் எண்ணில் கூசாமல் ஆன் செய்திருக்கிறேன்.

"ஏன்க்கா குரூப்புல யாரும் சொல்லல?"

"நாதன் அண்ணன்தான் வேணாம்னாரு. புது ஆளு, எல்லாரும் போட்டா அவமானமாப் போயிடும், நீ மட்டும் போன் பண்ணிச் சொல்லுன்னாரு."

ஐயோ. காத்தாடி விடுங்கன்னு சொன்னேனே. அவர் சொல்லத்தானே வாயைத் திறந்தார் — நான் விட்டேனா? என்ன வாய் இது எனக்கு? இருபது வருடம் அளவு பார்த்தவனாம், பெரிய இவன். ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போகாமலே இருந்துவிடலாம் என்று பாலம் வரைக்கும் தோன்றியது. போனேன். எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நாதன் அண்ணன் கீழே பார்த்தபடி நின்றார். "அந்த எறக்கைக்கு நாலு மாசம் ஆச்சு தம்பி" என்றார்.

பிறகு கை தூக்கினார்கள். ஏழு பேரில் நான்கு கை. முதலில் ஏறியது அவருடையது. அது ஏறாதிருந்தால் நான் வெளியே.

ஆகஸ்ட் 23, சனி

மூன்றாவது தடவையாக புக்கிட் தெங்காவில் நாதன் அண்ணன் வீடு. புது இறக்கை. மனிதர் பசை பூசுவதைப் பார்த்தால் தோசைக்கு எண்ணெய் விடுவது போலிருக்கிறது. சொல்லியும் விட்டேன். "ஒடச்சது நீதானே, நீயே ஒட்டு லா" என்று பிரஷைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது இறக்கை மேலே ஏறிவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே எண் என்பதால் ஒருவர் விட்டால் மற்றவர் சும்மா நிற்க வேண்டும். இன்று அவருக்கு நல்ல காற்று மாட்டியது. ஐம்பது நிமிடம் ஆகியும் இறங்குகிற யோசனையே இல்லை.

நவமணி அக்கா பக்கத்தில் வந்தார். "வேற நம்பர் கிரிஸ்டல் ஒன்னு எங்கிட்ட சும்மா கெடக்கு தம்பி. உங்க செட்டுல மாத்திப் போட்டா நம்பரு மாறிடும், நீங்களும் விடலாமே?"

"வேணாம்க்கா. அவர் எறங்கட்டும்."

திருப்பத்தில் ரொம்பச் சாய்க்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. அவர் இறக்கும்போது மழையும் பிடித்துக்கொண்டது. இன்று நான் பறக்கவிடவில்லை.