வாஷி வழியில் பாதி உன் குரல்

போன வியாழக்கிழமை உன் குரலைக் கேட்டேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனில் நாம் வழி சொல்லிப் பேசி வைத்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஏட்டி, இது திலக் நகர் ஸ்டேஷன். டிக்கெட் கவுன்டருக்கு முதுகைக் காட்டி நில்லு" என்று ஆரம்பித்தாய் பார், எனக்கு ஒரு நிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை, அதே அதட்டல்.

பிளாட்பாரத்தில், நம்மைப் போல் பார்வையில்லாதவர்கள் ஏறும் ரயில் டப்பா நிற்கும் இடத்தில் பீப் பீப் என்று ஒரு சத்தம் அடிக்குமே, அதற்கு நேராக நிற்கச் சொன்னாய். ஏறியதும் செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று விரல் மடக்கச் சொன்னாய். மான்குர்த் தாண்டினால் ரயில் பாலத்தில் ஏறும் சத்தம் கேட்கும், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், அப்போது எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடு என்றாய். அதோடு சரி. "மிச்சத்த வாஷில எறங்கி நடந்து பாத்துட்டு அடுத்த வாரம் சொல்லுதேன்" என்று சிரித்து முடித்தாய். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

அந்தப் பதிவை நான் தேடியது அழுவதற்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாலதிக்காகத் தேடினேன். மாலதியை உனக்குத் தெரியாது. திலக் நகர்க்காரி, முப்பத்தெட்டு வயது. சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருஷம் கட்டிலும் சுவருமாகக் கிடந்தவள், மாட்டுங்காவில், பார்வை போனவர்களுக்கு நாம் பயிற்சி கொடுக்கும் மாடியறைக்கு வர ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், பேசுகிற போனைப் பழகினாள், நோட்டைத் தடவிப் பார்த்து இது நூறு, இது ஐந்நூறு என்று சொல்லப் பழகினாள். வாஷியில் ஓர் ஆபீசில் போன் எடுத்துப் பேசும் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும் என்றார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், கூட்டிப்போய்க் கூட்டிவர அவரால் முடியாது. ஒரு நாள் வழி தவறி நின்றாலும், தான் போய் அழைத்துவரும்படி ஆனாலும், அத்தோடு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். மாலதியோ, வழியை எனக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் அக்கா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எனக்கு அப்படி ஒரு உற்சாகம் வந்துவிட்டது, உன் பாதி வழியை நானே முடிக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, இந்த வேலையில் என் லட்சணம். கண் பிரஷர் வந்து எனக்குப் பார்வை போன புதிதில், தாராவியில் என் சந்துக்கே வந்து, என் வாசலிலிருந்து மாஹிம் ஸ்டேஷன் வரை எனக்காக முதல் வழியைப் பேசிக் கொடுத்தவள் நீ. பிறவியிலேயே பார்வையில்லாத நீ முன்னால் போனாய், நாற்பது வருஷம் அந்தச் சந்தைக் கண்ணால் பார்த்த நான் உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். எத்தனை படி, எங்கே சாக்கடை மூடி ஆடும், எங்கே தகரக்கூரை தலையில் இடிக்கும் என்று நீ கேட்கக் கேட்க, எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கண் இருந்தப்ப என்னதாம்ட்டி பாத்த என்று கேட்டாய். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வந்தது.

அப்புறம் நானும் வழி சொல்ல ஆரம்பித்தேன். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நம் மாடியறைக்கு நான் பேசிய முதல் பதிவை மறந்திருக்க மாட்டாய். மாவு மில் ஓடும் சத்தம் கேட்டதும் இடது பக்கம் திரும்புங்கள் என்று அழகாகப் பேசி எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மில்லுக்குத் திங்கட்கிழமை லீவு என்று எனக்கு யார் சொன்னார்கள்? புதிதாக வந்த இரண்டு பேர், இல்லாத மில் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நேரே நடந்து, பெரிய ரோட்டில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நீ அரை மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது. "கடைய நம்பாத ஏட்டி. லீவு எடுக்காத சாமானா பாத்துச் சொல்லு." அன்றிலிருந்து எந்த வழியானாலும் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, கடை அடைக்கிற நாளில் ஒரு தடவை நடந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டப்படிதான் வாஷிக்குப் போனேன். வெள்ளி சாயந்திரம், சனி காலை, ஞாயிறு. உப்புக்காற்று அடித்ததும் எழுந்தேன், நீ சொன்ன மாதிரியே. அதற்குமேல் நீ இல்லை, நானும் என் கோலும்தான். சுரங்கப்பாதைப் படிகளை எண்ணினேன், வெளியே வந்ததும் வரும் சரிவைக் காலால் அளந்தேன். ஒரு சுவர் ஓரமாக ஏசி மெஷின் சூடாக முகத்தில் ஊதியது, ஆகா, நல்ல அடையாளம் என்று குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனால் அந்தச் சூடு இல்லை, லீவு! உன்னை நினைத்துக்கொண்டே அதை அடித்துவிட்டு, கோல் பட்டால் டங்கென்று கேட்கும், சாக்கடை மேல் போட்ட இரும்புச் சல்லடையைச் சேர்த்தேன். நான் போவதும் வருவதும் குனிந்து தட்டுவதுமாக இருந்ததைப் பார்த்து, ஆபீஸ் வாசல் வாட்ச்மேன் என்ன தொலைத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஒன்றும் தொலைக்கவில்லை பாய், கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஞாயிறு சாயந்திரம் உன் குரலுக்குப் பின்னால் என் குரலை ஒட்டி அனுப்பினேன். பாலம் வரை நீ, அப்புறம் நான். முதலில் பேசுவது யார், இப்படித் திட்டுகிறார்களே என்று மாலதி கேட்டாள். என் சிநேகிதி, பிரியம் வந்தால் அவளுக்குப் பேச்சு அப்படித்தான் வரும் என்றேன்.

திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு, "அக்கா, வந்துட்டேன்" என்று ஒரே ஒரு வரி வந்தது. அடுப்படியில் குதித்தே விட்டேன். சிலிண்டரில் முட்டி இடித்து, அந்த வலியிலும் சிரித்துக்கொண்டு நின்றேன். உனக்கு ஒரு பாட்டம் திட்டும் விழுந்தது, இதைக் கேட்காமல் எங்கே போய்த் தொலைந்தாய் என்று.

மத்தியானம் ஒரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். சுற்றிலும் ஆள் இருந்திருக்க வேண்டும், குரலை இறக்கித்தான் பேசினாள்.

"அக்கா, போற வழி அனுப்பிட்டீங்க. வர்ற வழி எங்க?"

பார்வை உள்ளவர்களுக்குப் போன வழிதான் வருகிற வழி. நமக்கு அப்படியா? இடது வலதாகும், இறக்கம் ஏற்றமாகும், சல்லடை எந்தப் பக்கம் வரும் என்பதே மாறிப்போகும். வீட்டுக்கு வருகிற வழியைத்தான் நீ எப்போதும் முதலில் பதிவு செய்வாய். அது கையில் இருந்தால்தான் ஆள் துணிந்து வாசல் தாண்டுவாள் என்பாய். ஒரே ஒரு தடவை, அந்த வாஷி வழியில்தான், போகிற பக்கத்தை முதலில் பேசினாய். நானும் உன் வாலைப் பிடித்துக்கொண்டு போனவள், அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டேன். ஆபீஸ் முடிவது ஐந்தரைக்கு. வழி இல்லையென்றால் அவள் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கதை முடிந்தது.

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆபீஸ் வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை மூன்று நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. வாட்ச்மேன் இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை, தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்தார். காலை, சாயந்திரம், லீவு நாள் என்ற உன் சட்டத்தை மீறிவிட்டேன், நீ இருந்திருந்தால் தோலை உரித்திருப்பாய். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்குப் பதிவை அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் திரும்பிப் போக மனம் வரவில்லை. பிளாட்பாரத்தில் பீப் அடிக்கிற இடத்திலிருந்து பத்தடி தள்ளித் தூணோரமாக நின்றுகொண்டேன்.

அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு உனக்குத்தான் சொல்ல முடியும். அத்தனை செருப்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு கோல் சத்தம் வருமா என்று நின்றேன். வந்தது. தட்டித் தட்டி, ஓர் இடத்தில் நின்று, மறுபடி தட்டி, பீப்புக்கு நேராக வந்து நின்றது. மாலதி யாரிடமோ, திலக் நகர் நிற்குமா என்று இந்தியில் கேட்டாள். நான் மூச்சுக் காட்டவில்லை. கூப்பிட்டிருந்தால் அவள் வந்த வழியில் பாதி என்னுடையதாகியிருக்கும். அவள் ஏறிப் போனாள். அடுத்த வண்டியில் நான் வந்தேன், வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது இருபது ஆயிற்று, பத்து ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. பத்தரைக்கு மனம் கேட்காமல் நானே அடித்தேன். இரண்டு ரிங் போனதும் எடுத்தாள்.

"அக்கா, வேலையில இருக்கேன். அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டது இந்த வேலைதான் என்றால், அது நன்றாகவே நடக்கிறது ஏட்டி. என்னிடம் பேச அவளுக்கு நேரம் இல்லை.