மிளகு அளவில் இரண்டு புள்ளிகள்

என் அருமை மாப்பிள்ளை தேசிங்கு,

நேற்று எனக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வருடமாகியும் என் நுரையீரல் புள்ளி துளிகூட வளரவில்லையாம். இனி வரவே வேண்டாம் என்றார். நீ இருந்திருந்தால் முதலில் உன்னிடம்தானே சொல்லியிருப்பேன்?

எண்ணூர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் தூசியில் இருமி இருமிச் சலித்துப்போய், இருவரும் ஒன்றாகப் போனோமே அந்த முதல் ஸ்கேனுக்கு. ஆளுக்கொரு புள்ளி, மிளகு அளவு. என்னுடையது ஓரமெல்லாம் மழுமழுவென்று, உள்ளே சுண்ணாம்பு படிந்து இருந்தது. எப்போதோ வந்துபோன டிபியின் தழும்பு, பயமில்லை, இரண்டு வருடம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். உன்னுடையதின் ஓரம் முள் முள்ளாக இருந்தது. மூன்று மாதத்தில் கட்டாயம் திரும்ப எடுக்க வேண்டும் என்று சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த மிளகு அளவு மட்டும்தான் மனதில் நின்றது.

அந்தத் தேதியில் நீ துவைத்த சட்டை போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய்.

"வா மச்சான், போய் எடுத்துகினு வந்துடலாம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மிளகுதான். என்னுது ஒண்ணும் இல்லன்னா உன்னுது மட்டும் இன்னா ஆவப்போவுது? கப்பல் வந்துகீது. சும்மா பேஜார் பண்ணாத மாப்ள" என்றேன் நான்.

நீ சிரித்துக்கொண்டே சட்டையை மாற்றப் போனாய்.

சளியில் ரத்தம் வந்த பிறகுதான் மறுபடி போனோம். அதற்குள் புற்று எலும்பு வரை பரவியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உன் கையை என் தங்கை அமுலு பிடித்து உலுக்கினாள். "தேதி எழுதிக் குடுத்தும் ஏன்யா போவல?"

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு அவளிடம், "மறந்துட்டேன் அமுலு" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? நானாவது வாயைத் திறந்திருக்கலாம். பயந்தாங்கொள்ளி, தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லி, அன்றைக்கே வந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "வளர்ந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். திருவொற்றியூர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அமுலுவுக்கு என் செய்தி கேட்டு அவ்வளவு சந்தோஷம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு உன் போட்டோ பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணனைப் பாரு, கரீக்டா போய் எடுத்துகினு வந்துகீது. உனக்கு மட்டும் எப்படிய்யா மறந்துச்சு?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ போன நாளிலிருந்து உனக்கு விழும் திட்டெல்லாம் என்னுடையது. நாளைக் காலை அவள் உன் படத்துக்கு விளக்கேற்றும் முன்பே போய்ச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு என்னை அந்த வீட்டுக்குள் விடுவாளோ மாட்டாளோ, தெரியாது. நீ எதையும் மறக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

உன்னை வாசலோடு திருப்பி அனுப்பிய
உன் மச்சான் ஏழுமலை