கடலோரக் கோயிலில் கூப்பிட்ட பெயர்

சிட்டு, என் தங்கமே,

உன்னை எடுத்த அன்றைக்குக்கூட வர முடியாத அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் அப்பா இதை வாசிப்பார், கேட்டுக்கொள்.

போன வாரம் நான் வேலை பார்க்கிற வீட்டு முதலாளியம்மா என்னையும் கடலோர நகரத்துக்குக் கூட்டிப் போனார். எங்கே பார்த்தாலும் வானத்தை இடிக்கிற கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் ஒரு பெரிய கோயில், அதன் படியில் அலை வந்து அடிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், அவர் மகளைக் காணோம். அவளுக்கும் உன் வயதுதான்.

கத்திக்கொண்டே தண்ணீர் வரைக்கும் ஓடினேன். முதலாளியம்மா பின்னாலேயே வந்து, "பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை சும்மா விடமாட்டேன்" என்றார்.

கடைசியில் பார்த்தால், செருப்பு விடுகிற இடத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரிக்கிறாள்.

"இவ்வளவு கத்துறேனே, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?"

"என்னை எங்க கூப்பிட்டீங்க ஆன்ட்டி? சிட்டு சிட்டுன்னுல்ல கத்துனீங்க. சிட்டு யாரு?"

திட்ட வாயெடுத்த முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசிக்கிற அப்பாவுக்கு ஒன்று: உன் பச்சைக் கவுனைத் துவைக்காமல் அனுப்பி வைக்கட்டும்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அந்த அலைச் சத்தத்துக்கு மேலே அத்தனை தரம் கூப்பிட்டேனே சிட்டு, உனக்குக் கேட்டதா?