யாரும் போடாத செருப்பு

அனுப்புநர்
மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்த்து, கை மூட்டு வலியால் நின்றவர்,
கீழ்த்தளம், பின்பக்க வீடு.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பொருள்: தனித்து வாழும் பெண்களுக்கான உதவித்தொகை மறுக்கப்பட்ட உத்தரவை மறுஆய்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குத் திருமணம் ஆகவில்லை. பெற்றோர் இல்லை. ஒரே அக்காவும் போன ஆண்டு காலமாகிவிட்டார். இந்த உதவித்தொகை வந்தால்தான் நான் இந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க முடியும். வீட்டில் ஆண் ஒருவர் வசிப்பதாகக் காரணம் காட்டி அலுவலகம் அதை மறுத்துவிட்டது.

2. கள ஆய்வாளர் வந்தபோது நான் சிகிச்சைக்குப் போயிருந்தேன். பூட்டிய வீட்டு வாசலில் ஆண் செருப்பு கிடந்ததைப் பார்த்து, மாடி வீட்டு அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். "ஆளை நான் பாத்ததில்ல சார். ஆனா செருப்பு தினமும் இடம் மாறுது" என்று அவர் சொன்னது அறிக்கையில் உள்ளது. அவர் பொய் சொல்லவில்லை. இடம் மாற்றி வைப்பது நான்தான்.

3. அது அக்கா சொன்ன யோசனை. "வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்பு கிடக்கட்டும்டி. எவனும் கதவைத் தட்ட மாட்டான்" என்றார். நடைபாதைக் கடைக்காரர் அளவு கேட்டார். யார் காலை நினைத்துச் சொல்வது? பெரிதாகவே கொடுங்கள் என்றேன். ஒரே இடத்தில் கிடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தினமும் தள்ளி வைப்பேன். மழை பெய்தால் கொஞ்சம் சேறும் பூசுவேன். சிலிண்டர்காரர் மணியடித்தால், "என்னங்க, யாரோ வந்திருக்காங்க" என்று காலி அறையைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் திறப்பேன். அக்கா சொன்னது பலித்தது. சிலிண்டர்காரரைத் தவிர யாரும் என் கதவைத் தட்டுவதில்லை. இப்போது வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது.

4. தனியாகத்தான் இருக்கிறேன் என்பதற்கு, என்னை நன்கு அறிந்த இருவரின் கையெழுத்து வேண்டுமாம். அப்படி இருவர் இருந்தால் இந்த உதவிக்கு விண்ணப்பித்தே இருக்க மாட்டேன் ஐயா. மாடி வீட்டு அம்மாவைக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர்கிட்டயே வாங்கிக்கோங்களேன்" என்றார். சிரித்துவிட்டு இறங்கி வந்தேன். சமையலறையில் நின்று அழுதேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை.

5. சாட்சி கிடைக்காததால் செருப்பையே இத்துடன் ஒப்படைக்கிறேன். அடிப்பக்கம் தேயவில்லை. உள்ளே கால் பதிந்த தடம் கிடையாது. நீதிபதி அவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, அந்த உத்தரவை ரத்து செய்து உதவித்தொகை கிடைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பார்த்து முடித்ததும் செருப்பைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இன்றிலிருந்து என் வாசல் காலியாக இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,
(கையெழுத்து)

நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை
இடம்: மனு வாங்கும் ஜன்னல் அருகே

இணைப்பு: ஆண் செருப்பு, ஒரு ஜோடி. உரியவர் எவரும் இல்லை.